'இல்லை' வேறு, 'தெரியவில்லை' வேறு

"பள்ளத்தில் பாம்பு இல்லை" என்பது ஒரு செய்தி. "பள்ளத்தில் பாம்பு இருப்பதாகத் தெரியவில்லை" என்பது வேறொரு செய்தி. முன்னதைக் கேட்டவன் காலை வைப்பான். பின்னதைக் கேட்டவன் கோலை விட்டுப் பார்ப்பான். இந்த வேறுபாட்டை ஆடு மேய்க்கும் சிறுவனும் அறிவான். ஆனால் இதனைக் கணிப்பொறிக்குச் சொல்லும் முறையைக் காண அறிஞர்க்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இன்று நமக்காகத் திட்டம் தீட்டும் பொறுப்பைப் பொறிகளிடம் ஒப்படைக்க விரைகின்றோம். அப்பொறி எந்த 'இல்லை'யை நம்பித் திட்டம் தீட்டுகிறது என்று கேட்கின்றோமா? கேட்டால் விடை சொல்லத் தெரிந்த பொறியைத்தான் உயிரோடு தொடர்புடைய பணிகளில் அமர்த்த வேண்டும் என்பது என் துணிபு.

திட்டமிடல் என்ற சொல்லுக்குச் செயற்கை அறிவுத் துறையில் வரையறுத்த பொருள் உண்டு. இப்போது இருக்கும் நிலை ஒன்று; அடைய வேண்டிய நிலை ஒன்று; இடையில் செய்யத்தக்க செயல்கள் சில. எதனை முன்னும் எதனைப் பின்னும் செய்தால் கருதிய நிலை கைகூடும் என்று காணும் வரிசையே திட்டம்.

பூதிகோட்டையை எடுத்துக்கொள்வோம். ஹைதர் அலி பிறந்த ஊர் என்று வரலாறு கூறும் அவ்வூர், கோலார் மாவட்டத்தில் பங்காருப்பேட்டை வட்டத்தில், தங்கவயலுக்கு அண்மையில் உள்ளது. அங்கிருக்கும் ஒருவர் பெங்களூருக்கு வேலைக்குப் போக வேண்டும். பேருந்தேறிப் பங்காருப்பேட்டை சேரலாம். அங்கு இரயிலேறிப் பெங்களூர் சேரலாம். பேருந்தில் ஏறுவதற்கு அது நிற்கும் இடத்தில் இருக்க வேண்டும். இரயிலில் ஏறுவதற்கு நிலையத்தில் இருக்க வேண்டும். கையில் சீட்டும் இருக்க வேண்டும். இவ்வாறு ஒவ்வொரு செயலுக்கும் முன்தேவை உண்டு. செய்தபின் விளைவும் உண்டு. தங்கவயல் வட்டாரத்திலிருந்து நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் இவ்வாறே இரயிலேறிப் பெங்களூர் போய்த் திரும்புகின்றனர். அவர்கள் மனத்தில் நொடியில் எழும் இத்திட்டத்தைப் பொறியின் உள்ளத்தில் எழச் செய்வது எங்ஙனம்?

1958ஆம் ஆண்டு இங்கிலாந்தில் டெடிங்டன் என்னும் ஊரில் நடந்த கூட்டத்தில் ஜான் மெக்கார்த்தி இவ்வினாவையே எழுப்பினார். அவர் காட்டிய எடுத்துக்காட்டும் ஒரு பயணமே. மேசை முன் அமர்ந்திருப்பவர் வானூர்தி நிலையம் போக வேண்டும். காரை நோக்கி நடக்க வேண்டும், பிறகு அதனை ஓட்ட வேண்டும். உலகைப் பற்றிய உண்மைகளைத் தருக்க வாக்கியங்களாக எழுதிவைத்தால், செய்ய வேண்டியதைப் பொறி அவற்றிலிருந்து தானே உய்த்துணரும் என்றார் அவர். 1969இல் கார்டெல் கிரீன், தேற்றம் நிறுவும் பொறி ஒன்றைக் கொண்டு திட்டங்களை வருவித்துக் காட்டினார். 1972இல் பிரான்சு நாட்டு மார்சேயில் ஆலன் கோல்மரோவர் குழுவினர் 'புரோலாக்' என்னும் தருக்க நிரல்மொழியைப் படைத்தனர். அதற்கு அடிப்படையான கருத்தில் இராபர்ட் கோவால்ஸ்கிக்குப் பெரும் பங்கு உண்டு. 1974இல் டேவிட் வாரன் அம்மொழியிலேயே திட்டமிடும் நிரல் ஒன்றை எழுதினார்.

தருக்க நிரலின் சிறப்பு யாது? மற்ற நிரல்களில், 'இதைச் செய், பின் அதைச் செய்' என்று நாம் பொறிக்கு ஆணையிடுகின்றோம். தருக்க நிரலிலோ, 'இது இருந்தால் அது நிகழும்', 'இவ்விரண்டும் ஒருங்கே இருத்தல் ஆகாது' என்று உலக இயல்பை மட்டும் எழுதுகின்றோம். வழி தேடுவது பொறியின் வேலை. அது எளிய வேலை அன்று. ஒவ்வொரு படியிலும் 10 செயல்கள் இயலும் என்றால், 10 படிகளில் 1,000 கோடி வரிசைகள் எழும். அவற்றை ஒவ்வொன்றாக எண்ணாமல், ஆகாதவற்றைக் கூட்டங்கூட்டமாகக் கழித்துத் தள்ளும் கருவிகள் பின்னர் வந்தன. 1988இல் மைக்கேல் கெல்ஃபாண்டும் விளாடிமிர் லிஃப்சிட்சும் அதற்குரிய கோட்பாட்டை வகுத்தனர். அவ்வழியில் திட்டமிடும் முறையை லிஃப்சிட்சு 1999இல் விளக்கி எழுதினார்.

இங்கே ஓர் இடர் குறுக்கிட்டது. ஒரு செயலால் எவை மாறும் என்று எழுதலாம். எவை மாறா என்று எழுதி மாளுமா? பேருந்தில் ஏறியதால் சட்டைப்பையில் உள்ள சீட்டு மறைந்துவிடவில்லை. மேலுடையின் நிறம் மாறவில்லை. இவற்றையெல்லாம் பொறிக்குத் தனித்தனியே சொல்லவா? தருக்க நிரலாளர் ஒரே விதியால் இதனைத் தீர்த்தனர். 'முன்பு இருந்தது, மாறியதாகத் தெரியாவிட்டால், இப்போதும் இருக்கிறது' என்பதே அவ்விதி. சிக்கனமான விதிதான். ஆனால் இதன் நடுவே நிற்கும் 'தெரியாவிட்டால்' என்ற சொல்லை நண்பர்கள் கருத்தூன்றிப் பார்க்க வேண்டும்.

தங்கவயல் சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டன. அதுவரை எந்திரங்கள் ஊற்றுநீரை ஓயாது இறைத்து வெளியேற்றி வந்தன. இறைப்பு நின்றபின் யாரும் எதுவும் செய்யவில்லை. நீர் மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. பழைய வரைபடத்தை வைத்துத் திட்டம் தீட்டும் பொறியிடம், 'மாறியதாகத் தெரியவில்லை' என்ற விதி மட்டும் இருந்தால், உலர்ந்த வழி இன்னும் உலர்ந்தே இருப்பதாக அது கொள்ளும். மனிதன் செயல் நின்றாலும் மாற்றம் நிற்பதில்லை என்பதை அறிந்த ஒருவர் அப்பொறிக்கு எடுத்துச் சொல்ல வேண்டாமா?

இதனினும் கூர்மையான எடுத்துக்காட்டு ஒன்று சுரங்கத் தொழிலிலேயே உண்டு. பாறையில் வரிசையாகத் துளையிட்டு வெடிமருந்து நிரப்பி வெடிப்பார்கள். வெடிக்கும் ஓசைகளை ஒருவர் எண்ணுவார். எண்ணிக்கை குறைந்தால், வெடிக்காத மருந்து எங்கோ ஒரு துளையில் கிடக்கிறது என்று பொருள். அதன்மேல் துளைக்கருவி பட்டால் உயிர்கள் போகும். இப்போது பொறிக்கு விதி எழுதுகின்றோம். 'வெடிக்காத மருந்து இருப்பதாகத் தெரியாவிட்டால் ஆள் போகலாம்' என்று எழுதலாம். 'வெடிக்காத மருந்து இல்லை என்று உறுதியானால் ஆள் போகலாம்' என்றும் எழுதலாம். ஓசையை எண்ண மறந்த நாளில், முதல் விதி ஆளை உள்ளே அனுப்பும். இரண்டாம் விதி வாயிலிலேயே நிறுத்தும். எழுத்தில் சிறு வேறுபாடு, விளைவில் உயிர்!

ஒன்றை நிறுவ முடியவில்லை என்றால் அது இல்லை என்று கொள்ளும் முறைக்கு 1978இல் கீத் கிளார்க் தருக்க விளக்கம் தந்தார். அம்முறை ஒன்றே போதாது என்று உணர்ந்து, இரண்டு 'இல்லை'களுக்கும் தனித்தனிக் குறி வகுத்து, 1991இல் கெல்ஃபாண்டும் லிஃப்சிட்சும் எழுதினர். அவர்கள் மெக்கார்த்தியிடமிருந்து பெற்ற எடுத்துக்காட்டும் ஓர் இருப்புப்பாதையே. இரயில் வருவதாகத் தெரியாவிட்டால் பள்ளிப் பேருந்து பாதையைக் கடக்கலாமா? வரவில்லை என்று உறுதியானபின் அல்லவா கடக்க வேண்டும்?

இவ்வாராய்ச்சி தமிழர்க்குப் புதிதன்று. மணிமேகலையில் அளவைவாதி கூறும் பத்து அளவைகளுள் 'அபாவம்' ஒன்று. இன்மையை எவ்வாறு அறிகின்றோம் என்ற வினா அதனுள் அடங்கும். குமாரிலரின் மரபில் வந்த மீமாஞ்சையார் இதற்கு ஒரு கட்டளை விதித்தனர். ஒரு பொருள் அங்கே இருந்திருந்தால் கண்ணுக்குப் பட்டே தீரும் என்னும் நிலை வேண்டும். அந்நிலையில் அது படாவிட்டால்தான் 'இல்லை' எனத் துணியலாம். இருட்டறையில் குடம் தென்படவில்லை என்பதால் குடம் இல்லை ஆகிவிடாது. இரயில் அட்டவணையில் காணாத வண்டியை இல்லை எனலாம், அட்டவணை முழுமையானது. ஓசைகளை ஒன்றுவிடாமல் எண்ணி, நிரப்பிய துளைகளின் தொகையோடு ஒத்திருந்தால், வெடிக்காத மருந்து இல்லை எனலாம். எண்ணாதவன் அவ்வாறு சொல்லலாகாது. பழைய அளவை நூலும் புதிய கணிப்பொறி நூலும் இவ்விடத்தில் கைகோத்து நிற்கின்றன.

இவையெல்லாம் ஏட்டுக் கல்வி என்று எண்ணற்க. அமெரிக்க விண்வெளி ஓடத்தில் திசை திருப்புவதற்கு 44 சிறு உந்திகள் இருந்தன. ஒரு கருவி பழுதானால் செய்ய வேண்டியது முன்பே எழுதி வைக்கப்பட்டிருந்தது. பல கருவிகள் ஒருங்கே பழுதானால்? அத்தனை சேர்க்கைகளுக்கும் முன்கூட்டித் திட்டம் எழுதுவது மனிதரால் ஆகாது. அதற்கெனக் கெல்ஃபாண்டும் டெக்சஸ் டெக் பல்கலைக்கழகத்தில் அவர்தம் மாணவரும் தருக்க நிரல் ஒன்றை உருவாக்கி 2001இல் வெளியிட்டனர். குழாய், அடைப்பிதழ், மின்பொத்தான் ஆகியவற்றின் இயல்பை விதிகளாக எழுதினர். எது பழுது என்று சொன்னால், எந்தப் பொத்தானை எந்த வரிசையில் அழுத்த வேண்டும் என்று அந்நிரல் காட்டியது.

இன்று நம் கைகளில் உள்ளது வேறுவகைப் பொறி. பெரும் நூற்குவியலைப் படித்து, அடுத்து வரத்தக்க சொல்லை ஊகித்து எழுதும் பொறி அது. கேட்டவுடன் திட்டம் தருகிறது, அழகாகவும் தருகிறது. அத்திட்டம் நிறைவேறுமா? சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்று அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கும் சுப்பாராவ் கம்பம்பாட்டியும் அவர் மாணவரும் 2023இல் இதனைச் சோதித்தனர். அன்று முன்னணியில் நின்ற ஜி.பி.டி.-4 தானாகத் தீட்டிய திட்டங்களில், சராசரியாக நூற்றுக்குப் 12 அளவே பிழையின்றி இலக்கை எட்டின. அதன்பின் வந்த பொறிகள் வளர்ந்துள்ளன என்பது உண்மையே. ஆயினும் என் வினா மதிப்பெண்ணைப் பற்றியதன்று. இரண்டாம் படியில் எதனை 'இல்லை' என்று கொண்டாய் என்று கேட்டால், அப்பொறி மற்றோர் அழகிய வாக்கியத்தைத் தரும். அவ்வாக்கியந்தான் திட்டத்தைப் பிறப்பித்த காரணம் என்பதற்கு உறுதி ஏது? தருக்க நிரலோ விதியைச் சுட்டிக் காட்டும். விதி தவறானால் திருத்தலாம், எழுதியவரைக் கேட்கலாம்.

'விதி எழுதி முடிவதில்லை. உலகம் விதிக்குள் அடங்குவதில்லை' என்று கூறுவாரும் உளர். அவர் கூற்றைப் புறந்தள்ள இயலாது. 1982இல் ஜப்பான் நாடு தருக்க நிரலை அடித்தளமாகக் கொண்டு ஐந்தாம் தலைமுறைக் கணிப்பொறித் திட்டத்தைத் தொடங்கியது. பத்தாண்டு முயற்சிக்குப் பின்னும் உலகம் எதிர்பார்த்தது கைகூடவில்லை. தருக்கம் தனித்து நின்று எல்லாவற்றையும் செய்யும் என்று நானும் கூறவில்லை. ஊகிக்கும் பொறி திட்டத்தை முன்மொழியட்டும். தருக்கப் பொறி அதனைப் படிப்படியாகச் சோதிக்கட்டும். தேறாததைத் திருப்பி அனுப்பட்டும். கம்பம்பாட்டி குழுவினர் 2024இல் வற்புறுத்திய வழியும் இதுவே. முன்மொழிபவனும் வழிமொழிபவனும் ஒருவனாக இருத்தல் கூடாது என்பது நம் சங்கக் கூட்டத்திலேயே நாம் கடைப்பிடிக்கும் முறை அன்றோ?

அப்படியாயின் சோதிப்பதற்குரிய விதிகளை எழுதுவோர் யார்? கணிப்பொறி மாணவர் மட்டும் எழுதினால் முதல் விதியைத்தான் எழுதுவர். அதுவே எழுத எளிது. எந்த இடத்தில் 'தெரியவில்லை' என்பதை 'இல்லை' என்று கொள்ளலாம், எந்த இடத்தில் கொள்ளலாகாது என்பதைத் தொழிலில் உழைத்தவரே அறிவார். வடஆர்க்காடு, சேலம் பகுதிகளிலிருந்து சென்று, 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், 60 பாகை செல்சியசுக்கு மேல் கொதிக்கும் பாறைகளிடையே தலைமுறை தலைமுறையாகப் பாடுபட்ட தமிழரின் வழித்தோன்றல்கள் இன்றும் தங்கவயலில் வாழ்கின்றனர். கூண்டில் இறங்கிய கடைசித் தலைமுறையினர் முதுமை எய்தி வருகின்றனர். எந்த ஓசை கேட்டால் விலக வேண்டும், எந்த அமைதியை நம்பலாகாது என்பது அவர்கள் நெஞ்சில் இருக்கிறது. அவர்கள் மறைந்தால் அவ்வறிவும் மறையும்.

மாணவ நண்பர்களே, நம் சங்கத்துக்கு ஒரு வேலை சொல்கின்றேன். கோடை விடுமுறையில் பத்துப் பேர் தங்கவயல் செல்வோம். இறங்கி உழைத்த பெரியவர்களிடம், வேலைக்குமுன் எதைப் பார்ப்பீர்கள், எது இருந்தால் போகமாட்டீர்கள், எது தெரியாவிட்டால் போகமாட்டீர்கள் என்று மூன்று கேள்விகள் கேட்போம். அவர்கள் விடையை அவர்கள் சொன்ன தமிழிலேயே எழுதிக்கொள்வோம். பின்னர் அறிவியல் மாணவர் அதனைத் தருக்க விதிகளாக மாற்றட்டும். கருவிகளுக்குப் பணம் வேண்டியதில்லை. புரோலாக், கிளிங்கோ போன்றவை விலையின்றிக் கிடைக்கின்றன. எழுதிய விதிகளை மீண்டும் அப்பெரியவர்களிடம் படித்துக்காட்டிப் பிழை திருத்துவோம். மூன்றாம் கேள்விக்கு அவர்கள் தரும் விடை எந்த நூலிலும் இல்லாததாக இருக்கும். வரும் கோடைக்குள் பெயர் தருவோர் தருக.