பிறந்த நாடும் பச்சை அட்டையும்

கொல்லிமலையில் 'நாடு' என்றால் சில சிற்றூர்களின் தொகுதி. நாம் இதை எழுதும் திண்ணனூர் நாடும் அத்தகையதே. அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்துக்கோ நாடுகளில் சிறிது பெரிது என்பதில்லை. வேலைவழிப் பச்சை அட்டைகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,40,000. 1990 ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொதுவாக எந்த நாட்டில் பிறந்தோருக்கும் 7 விழுக்காடே உச்சம். ஐஸ்லாந்துக்கும் அதே அளவு, இந்தியாவுக்கும் அதே அளவு. இதற்குப் பெயர் சமத்துவமாம்! தகுதி பார்த்து வேலைக்கு அழைத்தவர்கள், நிலைத்துத் தங்க மட்டும் பிறந்த மண்ணைக் கேட்பதை நம்மால் ஏற்க இயலவில்லை. பிறப்பைக் கொண்டு வரிசை அமைப்பதன் வலி நமக்குப் புதிதன்று.

எச்-1பி விசாவின் ஆறாண்டு முடிந்தாலும் நீட்டிக்கலாமே என்பர். உண்மைதான், 2000 ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு வழிவிட்டது. ஆனால் அந்த நீட்டிப்பு வேலையோடு கட்டுண்டது. வேலை போனால் கிடைப்பது அதிகபட்சம் 60 நாள். ஊரில் தந்தை இறந்தாலும், மீண்டும் உள்நுழைய முடியுமா என்று கணக்குப் பார்த்த பின்னரே அழவேண்டியிருக்கிறது.

பிள்ளைகள் நிலை இதனினும் கொடிது. நான்கு வயதில் உடன்சென்ற மகள், 2002 ஆம் ஆண்டுச் சட்டம் வயதில் சில கழிவுகள் தந்தபோதும், 21 வயதைக் கடந்ததும் பெற்றோரின் விண்ணப்பத்திலிருந்து விலக்கப்படலாம். அவள் திரும்பவேண்டிய 'தாய்நாட்டில்' அவளுக்குத் தெரிந்தவர் பாட்டி ஒருவரே.