ஒருத்திக்கு எத்தனை டம்ளர் அரிசி?

நான் வளர்ந்த குழந்தைகள் ஹோமில் என் சமையல் முறை வருகிற நாளில் அறுபது பேருக்கு உலை வைப்பேன். அரிசி களைவது, கஞ்சி வடிப்பது, குண்டானைத் துணி பிடித்து இறக்குவது எல்லாம் 14 வயதிலேயே கைப்பழக்கம். 18 முடிந்து வெளியே வந்து, திருப்பூரில் ஒரு லைன் வீட்டு அறையில் முதல்முதலாகக் குக்கரைக் கையில் எடுத்தபோது திகைத்து நின்றேன். ஒருத்திக்கு எத்தனை டம்ளர்? யாரைக் கேட்பது? மூன்று டம்ளர் போட்டுவிட்டேன். இரண்டு நாள் அதையே தண்ணீர் ஊற்றித் தின்றேன். சிரிக்காதீர்கள்.

பிறந்தநாளுக்கு மறுநாளே அனுப்பிவிட்டார்கள். ஒரு கட்டைப்பை, இரண்டு சுடிதார், மார்க் ஷீட், ஆதார் அட்டை, வார்டன் அக்கா தன் பர்ஸிலிருந்து எடுத்துத் தந்த ஐநூறு ரூபாய். யார் யார் வீட்டுப் பிறந்தநாளுக்கோ வரிசையில் நின்று கைதட்டி, கேக்கும் பிரியாணியும் வாங்கியவர்கள் நாங்கள். எங்கள் பிறந்தநாளை ரெஜிஸ்டரில் குறித்துவைத்தது எதற்கென்று அன்றைக்குத்தான் விளங்கியது.

ஆதாரில் ஹோமின் முகவரிதான் இருந்தது. ஆறு மாதம் கழித்து அங்கே தபாலில் வந்த என் ஏடிஎம் கார்டை, "அந்தப் பேரில் இங்கே யாரும் இல்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏழு வருஷம் காலையும் மாலையும் அதே பேரைக் கூப்பிட்டுத்தானே அட்டெண்டன்ஸ் எடுத்தீர்கள்?

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. ஒரு வக்கீல் அக்கா உட்காரவைத்துப் படித்துக் காட்டினார். 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டம், 46ஆம் பிரிவு. இல்லத்தை விட்டு வெளியேறுகிறவர்களுக்கு 21 வயது வரை பிற்காப்பு; விதிவிலக்கான சூழலில் 23 வரை நீட்டிக்கலாம். மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய். தங்க இடம், படிப்பு, தொழில் எல்லாம் 2016 விதிகளில் எழுதியிருக்கிறது. வெளியேற இரண்டு மாதம் முன்பே, இந்தப் பிள்ளைக்கு அடுத்து என்ன என்று ஒரு திட்டம் எழுதிக் குழந்தைகள் நலக் குழுவிடம் கொடுக்க வேண்டுமாம். என் விஷயத்தில் அந்த இரண்டு மாதத்தில் நடந்தது ஒன்றுதான்: என் டிரங்குப் பெட்டி இருந்த இடம் அடுத்து யாருக்கு என்று பேசிக்கொண்டார்கள்.

அந்த 46ஆம் பிரிவில் ஒரு சொல் இருக்கிறது. நிதியுதவி 'வழங்கலாம்'. வழங்க வேண்டும் என்று இல்லை, வழங்கலாம். "இனி நீ போகலாம்" என்று எனக்கும்தான் சொன்னார்கள். அந்த 'லாம்' கட்டளை. இந்த 'லாம்' மட்டும் அவர்களுக்கு மனசு வந்தால்.

அந்த உதவியைக் கேட்டு மூன்று தடவை ஷிப்ட் சம்பளத்தை விட்டுவிட்டு அரசு அலுவலகத்துக்குப் போனேன். மூன்றாவது தடவை அங்கிருந்த மேடம் தலைநிமிராமலே கேட்டார்: "பெரியவங்க யாரையாவது கூட்டிட்டு வரக் கூடாதாம்மா?"

எங்கிருந்து கூட்டி வர?

தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கும் ஓர் இடம் உண்டு. 10 வயதுக்குள் பெற்றோரை இழந்து, கவனிக்க நாதியில்லாமல், அரசு நடத்துகிற அல்லது அங்கீகரித்த பள்ளியிலோ இல்லத்திலோ சேர்ந்திருக்க வேண்டும். அப்பா எனக்கு நினைவு தெரியுமுன்பே போய்விட்டார். அம்மா போனபோது எனக்கு 11. அம்மாவின் சாதிச் சான்று, வாடகை வீட்டுச் சாமான்களோடு எங்கே போனதோ. சாதிச் சான்று கேட்டுப் போன தாலுகா ஆபீஸ் வராண்டாவில் உட்கார்ந்து, அம்மா இரண்டு வருஷம் முன்னாடியே செத்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். நினைத்தேன் சார். பெற்றவளைப் பற்றி அப்படி நினைக்க வைத்தீர்கள்.

என்னோடு வெளியே வந்தவர்களில் ஒருத்தி, முதல்முறை அன்பாகப் பேசியவனையே கட்டிக்கொண்டாள். இப்போது கைக்குழந்தையோடு தனியாக இருக்கிறாள். இன்னொருத்தியை ஹோமிலேயே சமையலுக்கு வைத்துக்கொண்டார்கள். சம்பளம் கேட்டதற்கு, "வளர்த்த நன்றி இல்லையா?" உங்கள் வீட்டுப் பெண் 18 வயதில் காலேஜ் பஸ் ஏறும்வரை தெருமுனையில் நிற்கிறீர்களே, அவளிடம் நன்றிக் கணக்குப் பார்க்கிறீர்களா?

எனக்கு இப்போது 22. பனியன் கம்பெனியில் செக்கிங். அறை கேட்டுப் போன இடத்திலெல்லாம் முதல் கேள்வி, "அப்பா நம்பர் குடு". நாலாவது வீட்டில் பொய் சொன்னேன்: அம்மா மதுரையில் இருக்காங்க. அறை கிடைத்தது.

அந்த வருஷம் தீபாவளிக்கு போனஸ் போட்டதும் திருப்பூரே காலியாகிவிட்டது. "ஊருக்குக் கிளம்பலையா கண்ணு?" என்று வீட்டுக்காரம்மா கேட்டார். சொன்ன பொய்யை இனி எங்கே கொண்டுபோய் வைப்பது? பையைத் தூக்கிக்கொண்டு கோவில்வழி பஸ் ஸ்டாண்டில் நானும் கூட்டத்தில் இடித்துப் பிடித்து ஏறினேன். ஆரப்பாளையத்தில் இறங்கி ஒரு டீ வாங்கி, "அம்மாவுக்குக் குடு" என்று வீட்டுக்காரம்மா பொட்டலம் கட்டித் தந்த முறுக்கைப் பிரித்துத் தின்றேன். அன்று இரவும் தீபாவளியும் பஸ் ஸ்டாண்டிலேயே போயிற்று. பட்டாசுச் சத்தம் அங்கே நன்றாகவே கேட்கும். மறுநாள் விடிந்ததும் திருப்பூர் பஸ் ஏறினேன்.

"அம்மா எப்படி இருக்காங்க கண்ணு?"

"நல்லா இருக்காங்கம்மா" என்றேன்.