அரிட்டாபட்டி கூறும் பாடம்

ஒரு மலையையோ ஏரியையோ பாதுகாக்கப்பட்ட பகுதியாகச் சர்க்கார் அறிவிக்கப் போகிறது என்ற செய்தி வந்தால், நம் அங்கத்தினர்களில் பலருக்கு மகிழ்ச்சியைக் காட்டிலும் அச்சமே முதலில் எழுகிறது. மாடு மேய்க்கும் இடம் போய்விடுமோ, தழையும் விறகும் எடுக்கத் தடை வருமோ என்று கவலைப்படுகிறார்கள். இக்கவலை ஆதாரமற்றதன்று. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தேசியப் பூங்காவுக்குள் கால்நடைகளை மேய விடுதல் கூடாது. காட்டை நம்பி வாழ்ந்தோர் பல இடங்களில் பட்ட துன்பம் சிறிதன்று. அவர்களுடைய உரிமைகளை ஏற்கும் வன உரிமைச் சட்டம் 2006ஆம் ஆண்டில்தான் பிறந்தது.

ஆயினும் பாதுகாப்புச் சட்டங்கள் யாவும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை அல்ல. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். அதன் 37ஆவது பிரிவின்படி, உள்ளாட்சி அமைப்புகளைக் கலந்துகொண்டே மாநில சர்க்கார் ஓரிடத்தைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்க வேண்டும். அதனால் எவருடைய பிழைப்பேனும் பாதிக்கப்பட்டால், ஈடு செய்யவோ மறுவாழ்வு அளிக்கவோ திட்டம் வகுக்க வேண்டும். 41ஆவது பிரிவு, ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பும் பல்லுயிர் மேலாண்மைக் குழு ஒன்றை அமைக்க வேண்டும் என்கிறது. காட்டு உயிர்கள் மட்டுமல்ல, நாட்டு விதைகளும் நாட்டு மாட்டினங்களும் அக்குழுவின் பொறுப்பில் அடங்கும். ஆகவே, பயிரிடுவோரின் நாட்டு நெல்லுக்கும், நெசவாளர் நூலுக்கு மூலமான நாட்டுப் பருத்திக்கும், சாயத்துக்கான அவுரிக்கும் இச்சட்டத்தில் இடமுண்டு.

இச்சட்டப்படி தமிழ்நாட்டில் முதலாவதாக அறிவிக்கப்பட்ட தலம், மதுரை ஜில்லா மேலூர்த் தாலுக்காவிலுள்ள அரிட்டாபட்டி. அவ்வூரிலும் மீனாட்சிபுரத்திலுமாகச் சுமார் 193 ஹெக்டேர் நிலம் 2022 நவம்பரில் இவ்வாறு அறிவிக்கப்பட்டது. அங்கே ஏழு குன்றுகள் உள்ளன. சமணர் படுக்கைகளும் தமிழி எழுத்துக் கல்வெட்டும் உள்ளன. ஏறக்குறைய 250 வகைப் பறவைகளோடு அழுங்கும் தேவாங்கும் வாழ்கின்றன. குன்றுகளின் சுனைநீர் ஏரிகளுக்கும், ஏரிநீர் வயல்களுக்கும் போகிறது. மலையைக் காப்பதும் உழவைக் காப்பதும் அங்கே ஒரே காரியம்.

2024 நவம்பரில், மத்திய சர்க்கார் நடத்திய ஏலத்தில் அப்பகுதியின் டங்ஸ்டன் சுரங்க உரிமைக்கு ஒரு கம்பெனி தேர்ந்தெடுக்கப்பட்ட செய்தி வெளியாயிற்று. ஏலத்துக்கு விடப்பட்ட பரப்பு சுமார் 2,015 ஹெக்டேர். அறிவிக்கப்பட்ட பாரம்பரியத் தலமும் அதற்குள் அடங்கியிருந்தது! சுற்றுவட்டாரக் கிராமங்கள் ஒன்று திரண்டன. கிராம சபைகள் தீர்மானம் இயற்றின. டிசம்பர் 9ஆம் தேதி சட்டசபையும் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரியில் மக்கள் பெருந்திரளாக மதுரைக்கு ஊர்வலம் சென்றனர். அம்மாதமே ஏலம் ரத்தாயிற்று.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியவை இரண்டு. அறிவிப்பு ஒன்றே காவலாகிவிடாது என்பது முதலாவது. பதிவு செய்யப்பட்டதனால் மட்டும் ஒரு கூட்டுறவுச் சங்கம் பிழைத்துவிடுகிறதா? அங்கத்தினர் மகாசபைக்கு வந்து கணக்குக் கேட்டால்தான் அதற்கு உயிர் இருக்கும். சட்டமும் அத்தகையதே. இரண்டாவது, எல்லையைப் பற்றியது. காக்கப்பட்டது 193 ஹெக்டேர். கேட்கப்பட்டதோ அதைப் போல் பத்து மடங்குக்கும் மேல். ஏரிக்கு வரும் நீர் அறிவிப்பின் எல்லைக்கல்லைப் பார்த்து ஓடி வருவதில்லை. ஆகவே எல்லை வகுக்கும்போதே நீர்வரத்தையும் வயலையும் கருத வேண்டும்.

தொழில் வேண்டாம் என்று நாம் கூறவில்லை. கைத்தொழிலால் வாழ்பவர்கள் அவ்வாறு கூறவும் முடியாது. உலோகமும் நாட்டுக்குத் தேவையே. ஆனால் ஓர் ஊரின் நிலத்தடியில் உள்ளதை ஏலமிடுமுன் நிலத்தின் மேல் வாழ்பவரைக் கேட்பதே முறை. ஏலம் முடிந்தபின் கேட்பது, கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்வதாகும்.

நம் கடமை என்ன? உயிர்வளங்களைப் பயன்படுத்துவது பற்றி முடிவெடுக்கும்போது தேசிய ஆணையமும் மாநில வாரியமும் ஊர்க்குழுவைக் கலந்தாலோசிக்க வேண்டுமென்று சட்டம் கூறுகிறது. பெயரளவில் உள்ள குழு என்ன ஆலோசனை கூறும்? ஆதலால் அடுத்த கிராம சபையில் மூன்று கேள்விகள் கேளுங்கள்: நம் ஊரில் அக்குழு உண்டா? கடைசியாக எப்போது கூடிற்று? மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் என்ன எழுதப்பட்டிருக்கிறது? எழுதப்படவில்லையாயின், முதிய குடியானவர்கள் விதைகளின் பெயரையும், சாயமேற்றும் நெசவாளர்கள் வேர், பட்டை, இலைகளின் பெயரையும், பெண்கள் கீரை வகைகளையும் சொல்ல, எழுதத் தெரிந்த இளைஞர் எழுதட்டும். சங்கக் காரியதரிசிகள் இதை அடுத்த மகாசபையின் நிகழ்ச்சிநிரலில் சேர்ப்பது நன்று.

வேலி கட்டிக் கொடுப்பது சர்க்காரின் வேலையாக இருக்கலாம். வேலியில் விழுந்த கண்டியை அன்றாடம் பார்த்து அடைப்பது வயலுக்குடையவனின் வேலை.