அளவுப் புத்தகமும் கேள்வி கேட்கும் இயந்திரமும்

மராமத்து வேலைகளோடு பழகியவர்களுக்கு அளவுப் புத்தகத்தைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. வாய்க்கால் வெட்டினாலும் சாலை போட்டாலும், செய்து முடித்த வேலையின் நீளம், அகலம், ஆழம் ஆகியவற்றை வேலை நடந்த இடத்திலேயே அளந்து அதில் பதிவு செய்தாக வேண்டும். அதன் பக்கங்களுக்கு வரிசையெண் உண்டு; எந்தப் பக்கத்தையும் கிழித்தெடுக்கலாகாது. எழுதியதை அழித்தெழுதவும் அனுமதியில்லை. தவறான எண்ணின்மேல் ஒரு கோடிட்டு, சரியான எண்ணை எழுதிச் சுருக்கொப்பமிட வேண்டும். தவறும் திருத்தமும் ஒருங்கே கண்ணில் பட வேண்டுமென்பதே இவ்விதியின் நோக்கமாகும். மேலதிகாரி ஒரு பகுதியை மறுபடி அளந்து பார்த்து ஒப்பிய பின்னரே பட்டியலுக்குப் பணம் வழங்கப்படும். 1925ஆம் ஆண்டில் தொடங்கி 1934இல் முடிவுற்ற மேட்டூர் அணை, கணிப்பொறி எதுவுமின்றி, கையால் எழுதிய கணக்குகளின் துணைகொண்டே கட்டப்பட்டது.

இன்று இப்புத்தகத்தின் இடத்திற்குக் கட்டுமான நிர்வாக மென்பொருள் வந்துவிட்டது. அமெரிக்காவின் புரோகோர், ஆட்டோடெஸ்க் முதலிய கம்பெனிகள் இத்தகைய மென்பொருள்களை விற்கின்றன. நம் நாட்டில், 2000ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் தேதி தொடங்கிய பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தின் கணக்குகளை ஓம்மாஸ் என்னும் முறை தாங்கி நிற்கிறது. சாலை போட்டு முடிந்த பின் ஐந்தாண்டுகள் அதனைப் பராமரிப்பதற்கான பணத்தை, சாலையின் நிலையைப் பொறுத்து வழங்குவதற்கு ஈ-மார்க் என்னும் மற்றொரு முறை உள்ளது.

இம்மென்பொருள்களை மனிதர்கள் திரையில் பார்த்து உபயோகிப்பது ஒரு வழி. மற்றொரு மென்பொருள் தானாகவே வந்து கேள்வி கேட்டு விடை பெற்றுச் செல்வது இரண்டாவது வழி. இவ்விரண்டாவது வழிக்கென அமைந்த வாயிலே ஏ.பி.ஐ. எனப்படுகிறது. எந்த வேலை, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்தெந்த விவரங்கள் என்று வரையறுத்துக் கேட்டால், கேட்டதை மட்டும் அது தரும். பேஸ்புக் கம்பெனி 2012இல் தன் சொந்த உபயோகத்திற்காக உருவாக்கி 2015இல் பொதுவில் வெளியிட்ட கிராஃப்க்யூஎல் என்னும் வினா மொழி, இவ்வாறு வேண்டியதை மட்டும் கேட்டுப் பெறுவதற்கே ஏற்பட்டது. இந்திய அரசும் தன் மென்பொருள்களுக்கு இத்தகைய திறந்த வாயில்கள் அமைய வேண்டுமென்று 2015ஆம் ஆண்டிலேயே ஒரு கொள்கையை அறிவித்திருக்கிறது.

இதன் அனுகூலம் சிறிதன்று. ஒரு கிராமத் தெருவுக்கு 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் கனத்தில் கான்கிரீட் போட்டதாக அளவுப் பதிவு கூறுகிறது என்று வைத்துக்கொள்வோம். கன அளவு 45 கன மீட்டர். 1:2:4 என்ற பழைய கலவை விகிதத்தையே கொண்டாலும் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய ஆறேகால் மூட்டை சிமெண்டு வேண்டும். ஆக, 280 மூட்டையளவு சிமெண்டு சென்றிருக்க வேண்டும். சரக்குப் பதிவேட்டில் 200 மூட்டைதான் வந்ததாகக் காணப்பட்டால் எங்கோ பிசகு இருக்கிறது. இவ்விரு பதிவுகளையும் ஒப்பிடுவதற்கு ஓர் எழுத்தர் அரை நாள் செலவிடலாம். பல வேலைகள் ஒரே சமயத்தில் நடக்கும் வட்டாரத்தில் ஒருவரும் ஒப்பிடாமலேயே விட்டுவிடலாம். வினா வாயிலின் மூலம் இயங்கும் நிரலோ ஒவ்வோர் இரவும் எல்லா வேலைகளையும் ஒப்பிட்டு, ஐயத்திற்குரியவற்றை மட்டும் காலையில் பொறியாளர் மேசைமேல் வைத்துவிடும். சலிப்பு என்பது அதற்குக் கிடையாது. எவர் முகத்தையும் பார்த்து அது தயங்குவதுமில்லை. இந்த உபயோகத்தை எதிர்ப்பவர்கள் பெரும்பாலும் ஒப்பிட்டுப் பார்க்கப்படுவதை விரும்பாதவர்களாகவே இருப்பர்.

எனினும், இயந்திரம் ஐயத்தை எழுப்புவதோடு நிற்க வேண்டுமா, அல்லது அதுவே தீர்ப்பும் கூறிப் பணத்தை நிறுத்திவிடலாமா என்பது வேறு கேள்வி. இங்கேதான் நிதானம் வேண்டும். இதனை ஓர் ஊரை முன்வைத்துப் பார்ப்பது விளக்கமாக இருக்கும்.

கர்நாடகத்தின் தென்கோடியில், மாதேசுவர மலைப் பகுதியில், தமிழ் பேசுவோர் மிகுதியாக வாழும் மார்டள்ளி என்னும் ஊர் இருக்கிறது. இவ்வூர் இருந்த இடத்திலேயே இருக்க, அதன் விலாசம் பலமுறை மாறிவிட்டது. கொள்ளேகால் வட்டத்தைச் சேர்ந்த இது, 1956ஆம் ஆண்டு வரை சென்னை மாநிலத்துக் கோயமுத்தூர் மாவட்டத்தில் இருந்தது. அவ்வாண்டு நவம்பர் முதல் தேதி அவ்வட்டம் மைசூர் மாநிலத்திற்கு மாற்றப்பட்டது. 1973இல் அம்மாநிலத்தின் பெயர் கர்நாடகம் என்றாயிற்று. 1997இல் மைசூர் மாவட்டத்திலிருந்து சாமராஜநகர் மாவட்டம் பிரிந்தது. பின்னர் கொள்ளேகால் வட்டத்திலிருந்து ஹனூர் வட்டமும் பிரிந்தது. இதனால் ஒரே சாலையின் பழைய பதிவு ஒரு வட்டத்தின் பெயரிலும், புதிய பதிவு வேறொரு வட்டத்தின் பெயரிலும் இருக்கக்கூடும்.

ஊரின் பெயரோ அதைவிடத் தொல்லை தருவது. தமிழிலும் கன்னடத்திலும் ஐயத்திற்கு இடமின்றி எழுதத்தக்க இப்பெயரை ஆங்கில எழுத்துகளில் எழுதும்போது ஒருவர் ஓர் எழுத்தைக் கூட்டுவார். மற்றொருவர் ஒன்றைக் குறைப்பார். பஞ்சாயத்து எழுத்தருக்கு இவை யாவும் ஒரே ஊர் என்பது தெரியும். இயந்திரத்திற்கு ஒவ்வொன்றும் வெவ்வேறு ஊர். பெயரைக் கொண்டு கேட்கும் நிரலுக்கு ‘பதிவு ஏதும் இல்லை’ என்ற விடை கிடைக்கும். இவ்விடையில் பிழை என்ற குறிப்பு இராது. வினா முறையாகவே கேட்கப்பட்டது, விடையும் முறையாகவே வந்தது. ஆனால் நிரல் இதனை ‘வேலை ஏதும் நடக்கவில்லை’ என்று பொருள்கொண்டு அறிக்கை எழுதிவிடும். ‘பதிவில் இல்லை’ என்பதற்கும் ‘நடக்கவில்லை’ என்பதற்கும் உள்ள தூரம், அந்தச் சாலைக்கு மண் சுமந்தவனுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

இக்குறைக்கு மருந்து இல்லாமல் இல்லை. மத்தியப் பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் நடத்தும் உள்ளாட்சி விவரத் தொகுப்பில் ஒவ்வொரு கிராமத்திற்கும் பஞ்சாயத்திற்கும் தனி எண் வழங்கப்பட்டிருக்கிறது. நிரல் பெயரைக் கொண்டு கேளாமல் இவ்வெண்ணைக் கொண்டே கேட்க வேண்டும். வட்டம் பிரியும்போது பழைய பதிவுகளைப் புதிய விலாசத்தோடு இணைக்கும் வேலையையும் உடனுக்குடன் செய்ய வேண்டும். பிந்தியது கவர்ச்சியில்லாத வேலையாதலால் எப்போதும் பிற்போடப்படுகிறது.

இத்தகைய ஓசையற்ற பிழைகள் இன்னும் உண்டு. விடை பெரிதாக இருந்தால் வினா வாயில் அதனை நூறு நூறு பதிவுகளாகப் பிரித்தே தரும். அடுத்த நூறை மறுபடி கேட்டுப் பெற வேண்டும். முதல் நூறோடு திருப்தியடைந்துவிடும் நிரல், நூற்றோராவது தொழிலாளியைக் காணவே காணாது. மற்றொன்று காலக் கணக்கைப் பற்றியது. பல மென்பொருள்கள் உலகப் பொது நேரத்தில் தேதியைப் பதிகின்றன. இந்திய நேரம் அதற்கு ஐந்தரை மணி முந்தியது. கோடைக் காலத்தில் வெயில் ஏறுமுன் கான்கிரீட் போடுவது வழக்கம். ஏப்ரல் முதல் தேதி காலை 5 மணிக்குத் தொடங்கிய வேலை, பொது நேரத்தில் மார்ச் 31ஆம் தேதி இரவு 11-30 மணி என்றாகிறது. ஒரு நாள் பின்னே போனதோடு நில்லாமல், அவ்வேலை சென்ற நிதியாண்டிற்கே போய்விடுகிறது! கணக்கு முடிந்துவிட்ட ஆண்டில் விழுந்த பட்டியலை எழுப்பிக் கொண்டுவருவது எத்தகைய பாடு என்பதைக் கருவூலங்களில் அலைந்தவர்கள் அறிவர்.

இவை கற்பனையான அச்சங்கள் அல்ல என்பதற்குக் கிராம வேலைவாய்ப்புத் திட்டத்தின் அனுபவமே சான்று. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் அத்திட்டத்தில் அலைபேசி மூலம் வருகை பதியும் செயலி அறிமுகமாயிற்று. 2023 ஜனவரி முதல், தனிப் பயனாளிகளின் வேலைகள் நீங்கலாக, மற்ற வேலைத் தலங்களில் அது கட்டாயமாக்கப்பட்டது. தொழிலாளர்களை இடக்குறியோடு ஒரு நாளைக்கு இருமுறை படம் பிடித்து அனுப்ப வேண்டும். படம் சேர்ந்தால் வருகை. வருகை சேர்ந்தால் கூலி. காடும் மலையும் சூழ்ந்த இடங்களில் அலைபேசித் தொடர்பு அறுந்துபோவதும், கருவி பழுதாவதும் நாள்தோறும் நேரக்கூடியவை. அப்போது கையால் எழுதிய வருகையை ஏற்பதற்கு மாவட்ட அளவிலான அதிகாரியின் அனுமதி வேண்டியிருந்தது. ஒரு நாள் கூலிக்காக மலையிறங்கிப் போய் மாவட்ட அதிகாரியின் அனுமதியை எவர் தேடுவார்?

மறுபுறம், ஏய்க்க நினைத்தவர்களை அக்கருவி தடுத்ததா எனில், அதுவும் முழுமையாக இல்லை. ஏற்கெனவே எடுத்த படத்தையே மீண்டும் படம் பிடித்து அனுப்புவதும், வேலைக்குச் சம்பந்தமில்லாத படங்களைச் சேர்ப்பதும் நடப்பதாக 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுற்றறிக்கை விடுத்து, பஞ்சாயத்து அளவில் எல்லாப் படங்களையும் மனிதர்களே சரிபார்க்க வேண்டுமென்று கட்டளையிட்டது. இயந்திரம் படம் வந்ததா என்று கேட்டது; வந்தது. அது எதைப் பற்றிய படம் என்று கேட்கவில்லை. 2025 டிசம்பரில், 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்திற்கு வேறு சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறிவிட்டது. சட்டம் மாறினும் இந்த அனுபவம் வீணாகிவிடவில்லை.

ஆகவே, நிரலின் அதிகாரத்திற்கு எல்லை வகுப்பது அவசியமாகிறது. அது எத்தனை கேள்விகள் வேண்டுமானாலும் கேட்கட்டும்; எந்தப் பட்டியலின் மீதும் ஐயக்குறி இடட்டும். ஒப்பந்தக்காரரின் பெருந்தொகையை மறு அளவு முடியும் வரை நிறுத்தி வைப்பதிலும் தவறில்லை. பொறுத்திருக்க அவரிடம் முதல் இருக்கிறது. ஆனால் நாட்கூலியை, ஒரு மனிதர் நேரில் சென்று பார்த்துக் கையொப்பமிடாமல், நிரலின் விடையை மட்டும் கொண்டு நிறுத்தலாகாது. நிரல் பதிவுகளைத் திருத்துமாயின், அளவுப் புத்தகத்தின் பழைய விதி அதற்கும் பொருந்த வேண்டும்: முந்திய எண் மறையக் கூடாது, திருத்தியது எது, எப்போது, எவருடைய பொறுப்பில் என்பது உடன் பதிவாக வேண்டும். காகிதப் புத்தகத்தில் எழுத்தருக்கு விதித்த கட்டுப்பாட்டை இயந்திரத்திற்குத் தளர்த்துவதற்கு நியாயம் ஏதுமில்லை.

இவ்வாயில் எவருக்குத் திறந்திருக்கிறது என்பது இதுவரை அதிகம் பேசப்படாத விஷயம். இலாகாக்களும் கம்பெனிகளும் தம் நிரல்களைக் கொண்டு கேட்கின்றன. தெருவுக்கு எத்தனை மூட்டை சிமெண்டு வந்தது என்று மார்டள்ளியில் ஒருவர் கேட்க விரும்பினால், அவரும் அதே விடையைப் பெற வேண்டும். 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, பதிவேடுகளைக் கணிப்பொறியில் ஏற்றி வலையமைப்பில் இணைக்கச் சொல்வதோடு, தகவலை வெளியிடுகையில் அப்பகுதியின் மொழியையும் கருத வேண்டுமென்கிறது. 2022 பிப்ரவரியில் கிராமச் சாலைகளின் வரைபட விவரங்களையும் எட்டு இலட்சத்திற்கும் அதிகமான கிராம வசதிகளின் இருப்பிடங்களையும் மத்திய அரசு பொதுவில் வெளியிட்டது பாராட்டத்தக்க செயல். ஆனால் அவ்விவரங்களை எடுத்துக் கையாள்வதற்கு ஆங்கிலமும் நிரல் எழுதும் பயிற்சியும் வேண்டும்.

கர்நாடகத்தின் ஆட்சிமொழி கன்னடம். அதில் விடை வர வேண்டுவது முறையே. அதனுடன், மாநிலச் சீரமைப்பின்போது 1956ஆம் ஆண்டில் மத்திய அரசு வெளியிட்ட குறிப்பில், ஒரு பகுதியின் மக்களில் 15 முதல் 20 விழுக்காட்டினர் பேசும் சிறுபான்மை மொழியில் முக்கிய அறிவிப்புகளை வெளியிடுவது நலமென்று கூறப்பட்டிருப்பதையும் நினைவுகூரலாம். அக்காலத்தில் அச்சுச் செலவு ஒரு தடையாக இருந்திருக்கக்கூடும். வினா வாயிலில் அத்தடை இல்லை. எண்கள் எம்மொழியிலும் எண்களே. மாற்ற வேண்டியவை தலைப்புச் சொற்கள் மட்டும். சில நூறு சொற்கள் கொண்ட பட்டியலை ஒருமுறை தயாரித்தால், அதே விடையைக் கன்னடத்திலும் தமிழிலும் தெலுங்கிலும் நிரலே அச்சிட்டுத் தரும்.

அப்பட்டியலைத் தயாரிப்பதும் எளிதென்று எண்ணி எவரிடமாவது ஒப்படைத்துவிடலாகாது. மென்பொருளில் ‘பெண்டிங்’ என்ற ஒரு சொல்லே பல நிலைகளுக்கு வழங்குகிறது. அளவு எடுக்கப்படவில்லை, அளவு எடுத்தும் சரிபார்க்கப்படவில்லை, சரிபார்த்தும் பணம் வரவில்லை, ஐயத்தின் பேரில் நிறுத்தப்பட்டது என்ற எல்லாவற்றையும் ‘நிலுவை’ என்று மொழிபெயர்த்துவிட்டால் சொல் சரியாக இருக்கும். பலகையில் படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. ஓவர்சியரிடம் கேட்பதா, பஞ்சாயத்து அபிவிருத்தி அதிகாரியிடம் கேட்பதா, வங்கிக்குப் போவதா என்று அவர் அறிந்தாக வேண்டும். அதற்கு, மென்பொருளை எழுதுபவர்கள் முதலில் அந்நான்கு நிலைகளையும் தனித்தனியே பிரித்துப் பதிய வேண்டியிருக்கும்.