விழுந்த கைக்கு யார் பொறுப்பு?

"நல்லாத்தான் வேலை செஞ்சுகிட்டிருந்தாரு. திடீர்னு வாய் கோணிக்கிச்சு, வலது கை தூக்க முடியல." நம் சேரிகளில் பக்கவாதம் இப்படித்தான் வந்து சேருகிறது. காத்து கருப்பு என்பார்கள். புறா இரத்தம் தேய்ப்பார்கள். அதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

மூளைக்குப் போகும் பெரிய இரத்தக்குழாய் அடைத்தால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன. அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அடைப்பா, இரத்தக் கசிவா என்று ஸ்கேன்தான் சொல்லும். கசிவென்றால் அந்த ஊசியே ஆளைக் கொல்லும். ஆக, ஸ்கேன் இல்லாத ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் படுக்க வைப்பது வைத்தியமல்ல, காலக்கழிவு.

பின்லாந்தின் ஹெல்சிங்கியில் ஆஸ்பத்திரி வாசலிலிருந்து ஊசி வரை 1998இல் 105 நிமிடம் ஆனது. 2011இல் 20 நிமிடம். புதுமருந்து எதுவும் கண்டுபிடித்துவிடவில்லை. வண்டியிலிருந்தே தகவல் போனது. ஆள் நேராக ஸ்கேன் மேசைக்குப் போனார். அவ்வளவுதான்.

இங்கே? 108 வண்டி 2008 முதல் ஓடுகிறது. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுக்கே பிசியோதெரபி கொண்டுவருகிறது. இரண்டையும் வரவேற்கிறோம். ஆனால் ஒரு கேள்வி: டிஸ்சார்ஜ் சீட்டு எழுதுகிற அன்றைக்கே அந்தப் பெயர் பிசியோதெரபிஸ்ட் கைக்குப் போகிறதா? கையும் காலும் திரும்பப் பழகுவதற்கு முதல் மாதங்களே முக்கியம். அது கடந்தபின் வந்து என்ன பயன்?

"பொண்டாட்டி பாத்துக்குவா" என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. இந்தியாவில் 14 ஆஸ்பத்திரிகளில் 1,250 நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு, 2017இல் 'லான்செட்' இதழில் வந்தது. வீட்டாருக்குப் பயிற்சி கொடுத்து அனுப்பியதில், வழக்கமான கவனிப்பைவிட எந்தக் கூடுதல் பலனும் இல்லை என்பதே முடிவு. அந்தப் பெண்ணும் கூலிக்குப் போகிறவள்தானே! அரசின் வேலையை அவள் தலையில் கட்டுவது எந்த நியாயம்?

ஆபீஸர் கை விழுந்தால் மெடிக்கல் லீவு உண்டு. கூலிக்காரன் கை விழுந்தால் அடுப்பே அணைகிறது. உயிர் பிழைத்தது போதாது தோழர்களே, கை திரும்ப வேண்டும்.

மாணவர்களே, உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இரவிலும் ஸ்கேன் எடுத்து ஊசி போடும் ஆஸ்பத்திரி எது என்று விசாரித்து, காலனிச் சுவரில் எழுதிப் போடுங்கள். கிராமசபையில் எழுந்து கேளுங்கள்: வண்டி, வார்டு, வீடு - மூன்றுக்கும் சேர்த்துப் பொறுப்பு யாருடையது? பதில் வரும்வரை உட்காராதீர்கள்.