பிழை தேடுதலும் பேயோட்டுதலும்

நோயின் காரணத்தை அறியாத சமூகம் நோயைப் பேயென்று கொள்ளும். பேயென்று கொண்டபின் அதனை ஓட்டுதற்கு மந்திரம் தேடும். மந்திரம் ஓதிய மறுநாள் நோய் தணிவதும் உண்டு. ஆனால் அது எதனால் தணிந்தது என்று எவரும் வினாவுவதில்லை. வங்கி, காப்புறுதி, மருத்துவமனை, அரச நிருவாகம் ஆகியவற்றின் பதிவேடுகளைத் தாங்கி நிற்கும் பெருநிறுவன ஜாவா மென்பொருள்களைப் பேணுவோரிடையே இம்மனப்பாங்கு வேரூன்றிவிட்டது என்பதும், அதனை வளர்த்ததில் பல்கலைக்கழகக் கல்விக்கும் பங்குண்டு என்பதுமே இக்கட்டுரையின் குற்றச்சாட்டுகளாகும்.

இத்தகைய மென்பொருள்களில் தோன்றும் பிழைகளுட் பெரும்பாலானவை இரு களங்களைச் சார்ந்தவை. ஒன்று, தரவுகளைத் தரவுத்தளத்தில் நிலைபெறச் செய்தல். மற்றையது, ஆக்கிய மென்பொருளைச் சேவையகத்தில் நிறுவி இயக்குதல். இவ்விரு களங்களிலும் இன்று வழக்கிலுள்ள சிகிச்சை யாது? பிழைச் செய்தியின் முதல் வரியைப் பிரதிசெய்து தேடுதல், எவரோ தந்த அமைவு வரியொன்றைச் சேர்த்துப் பார்த்தல், அதுவும் பயன் தராவிடின் சேவையகத்தை நிறுத்தி மீள இயக்குதல் என்பனவே. பிழை மறைந்தால் ஆராய்ச்சி முடிந்தது.

இந்நிலை தோன்றியவாற்றை வரலாற்று நோக்கிற் காண்டல் தகும். தரவுகளை நிரைகளும் நிரல்களும் கொண்ட அட்டவணைகளாக ஒழுங்குபடுத்தும் தொடர்புநிலை மாதிரியை 1970 இல் எட்கார் கோட் வெளியிட்டார். பொருள்நோக்குச் செய்நிரலாக்கமோ உலகினை ஒன்றையொன்று சுட்டிநிற்கும் பொருள்களின் வலையாகக் காண்பது. இவ்விரு நோக்குகளும் இயல்பாக ஒன்றோடொன்று பொருந்துவன அல்ல. 1999 இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஜே2ஈஈ, 'என்டிட்டி பீன்' என்னும் அமைப்பினால் இவ்விடைவெளியை நிரப்ப முயன்றது; அதன் பாரமே அதற்கு எதிரியாயிற்று. 2001 இல் கேவின் கிங் தொடங்கிய ஹைபர்னேட் அப்பாரத்தைப் பெரிதும் குறைத்தது. 2006 இல் வெளிவந்த ஜே.பி.ஏ. அம்முறையைப் பொது நியமமாக்கிற்று. எஸ்.கியூ.எல். கூற்றுகளை ஒவ்வொன்றாகக் கையால் எழுதும் சலிப்பிலிருந்து செய்நிரலாளர் விடுபட்டமை பெரும் பேறே. அதனை யாம் மறுக்கவில்லை. ஆனால் 'எழுத வேண்டியதில்லை' என்பது, காலப்போக்கில் 'அறிய வேண்டியதில்லை' என்பதாகத் திரிந்தது. இத்திரிபே தீமையின் ஊற்றாகும்.

எடுத்துக்காட்டொன்று நோக்குவோம். கட்டளைகள் நூற்றினைத் தரவுத்தளத்திலிருந்து பெறும் செய்நிரல், ஒவ்வொரு கட்டளையிலும் அடங்கிய பொருட்பட்டியலைத் தேவைப்படும்போது பெறுமாறு பின்போடுகின்றது. தரவுத்தளத்துடனான அமர்வு முடிந்தபின் அப்பட்டியலைத் தொட்டால் 'லேஸி இனிஷியலைசேஷன் எக்செப்ஷன்' எழும். மந்திரவாதி என் செய்வார்? எல்லாவற்றையும் உடனே ஏற்றுமாறு மாற்றுவார். அன்றேல், பக்கம் முழுவதும் ஆக்கப்படும் வரை அமர்வைத் திறந்தே வைப்பார். செய்தி மறைந்துவிடும். ஆனால் ஒரு வினவலோடு முடிந்திருக்க வேண்டிய வேலை, நூறு கட்டளைகளுக்கும் தனித்தனியே வினவி நூற்றொரு வினவல்களாக விரியக்கூடும். பத்து நிரைகளே உள்ள சோதனைத் தரவில் இது புலப்படாது. உண்மைத் தரவின் சுமையில் சேவையகம் தள்ளாடும். அப்போது தரவுத்தளத்தின் மீது பழி சுமத்தப்படும். எந்த வேலைக்கு எத்தரவு வேண்டும் என்பதை வினவலிலேயே தீர்மானிப்பதுதான் மருந்து. அதற்கு வினவல் இன்னதென அறிந்திருத்தல் வேண்டும்.

பரிவர்த்தனை பற்றிய அறியாமை இதனினும் கொடியது. ஒரு கணக்கிற் பணத்தைக் கழித்து மற்றொரு கணக்கிற் சேர்க்கும் செயல் முழுமையாக நிறைவேற வேண்டும், அல்லது முழுமையாக நீங்க வேண்டும். இடையே விதிவிலக்கு எழுந்தால் அனைத்தும் தாமே பின்வாங்கப்படும் என்று பலர் நம்புகின்றனர். ஸ்பிரிங் சட்டகத்திலும் ஈ.ஜே.பி.யிலும் இயல்புநிலை விதி அவ்வாறன்று. இயக்கநேர விதிவிலக்குகள் எழும்போது பரிவர்த்தனை பின்வாங்கப்படும். கையாளுமாறு தொகுப்பி வற்புறுத்தும் விதிவிலக்குகள் எழும்போதோ, அதுவரை நிகழ்ந்த மாற்றங்கள் நிலைநிறுத்தப்படும். ஆகவே கழித்தது கழிந்தபடியே நிற்க, சேர்க்க வேண்டியது சேராமற் போதல் கூடும். இப்பிழை சேவையகத்தை வீழ்த்தாது. பதிவேட்டிற் பொய்யை எழுதிவிட்டு அமைதியாக இருக்கும். விழுந்த சேவையகத்தை எவரும் காண்பர். பொய்யான இருப்பினை, அதனால் நட்டமுற்றவர் வந்து முறையிடும்வரை எவர் காண்பர்?

நிறுவுதற் களத்திலும் நிலைமை இதுவே. ஜாவாவில் ஒரு வகுப்பின் அடையாளம் அதன் பெயர் மாத்திரமன்று. பெயரும், அதனை ஏற்றிய வகுப்பேற்றியும் சேர்ந்ததே அடையாளம். இதனை அறியாதார்க்கு, ஒரு வகுப்பினை அதே பெயருடைய வகுப்பாக மாற்ற முடியாது என்று சேவையகம் கூறும் செய்தி பைத்தியக்காரத்தனமாகவே தோன்றும். அறிந்தாரோ, ஒரே நூலகம் ஈரிடங்களிலிருந்து ஏற்றப்பட்டுள்ளது என உடனே உணர்வர். 2017 இல் ஒராக்கிள் நிறுவனம் ஜாவா ஈ.ஈ.யை எக்லிப்ஸ் அறக்கட்டளையிடம் கையளிக்க முன்வந்ததன் தொடர்ச்சியாக, 2020 இல் வெளிவந்த ஜகார்த்தா ஈ.ஈ. 9 இல், 'ஜாவக்ஸ்' எனத் தொடங்கிய பொதிப் பெயர்கள் 'ஜகார்த்தா' எனத் தொடங்குவனவாயின. பழைய பெயரிற் குறியிடப்பட்ட வகுப்பினைப் புதிய ஹைபர்னேட் தரவு வகுப்பாக ஏற்பதில்லை. பழைய நூலகம் உடனிருப்பின் தொகுப்பியும் குறை கூறுவதில்லை. பெயரின் ஒரு சொல்லில் உள்ள இவ்வேறுபாட்டைக் காணாமல் அமைவுக் கோப்புகளைப் புரட்டுவது பேயோட்டுதலேயன்றி வேறில்லை.

சேவையகத்தை நிறுத்தாமல் மென்பொருளை மீண்டும் மீண்டும் நிறுவும்போது நினைவகம் நிரம்புவதும் அறியப்பட்ட நோயே. பழைய பதிப்பின் பொருளொன்றைச் சேவையகத்தின் இழையொன்று பற்றியிருந்தால், அப்பதிப்பின் வகுப்புகள் அனைத்துமே விடுவிக்கப்படாமல் தங்கிவிடும். முன்னர் வகுப்புகளுக்கென எல்லையுடன் ஒதுக்கப்பட்ட 'பெர்ம்ஜென்' பகுதியைப் பெரிதாக்குவதே சிகிச்சையாயிருந்தது. 2014 இல் வெளிவந்த ஜாவா 8 அதனை அகற்றி, இயல்புநிலையில் எல்லை வகுக்காத 'மெட்டாஸ்பேஸ்' பகுதியைக் கொணர்ந்தது. நோய் தீர்ந்ததெனப் பலர் மகிழ்ந்தனர். பாத்திரத்தைப் பெரிதாக்கினால் ஒழுக்கு அடைபடுமா?

இங்கே ஒரு சாரார் மறுத்துரைப்பர். காரோட்டுபவர் இயந்திரத்தின் உள்ளமைப்பை அறிய வேண்டுமா என்பது அவர்தம் வினா. வேண்டியதில்லை. ஆனால் நாம் பேசுவது ஓட்டுநரைப் பற்றியன்று. இயந்திரத்தைத் திருத்துவேன் என்று கூலி பெறும் மெக்கானிக்கைப் பற்றியாம். மற்றொரு சாரார், வாடிக்கையாளர் காத்திருக்க ஆராய்ச்சிக்கு நேரமேது என்பர். சேவையகத்தை மீள இயக்குவது முதலுதவியாகலாம். அதனை யாரும் தடுக்கவில்லை. ஆயின் அதற்கு முன் இழைகளின் நிலையையும் நினைவகத்தின் நிலையையும் பதிவுசெய்ய வேண்டும். அவ்வாறு செய்யாது மீள இயக்குபவர் தடயத்தைத் தம் கையாலேயே அழிக்கின்றார். அதே பிழை மீண்டும் வரும்போது, முன்னறியாத ஒன்றெனவே அதனை வரவேற்பார்.

காரணம் தேடும் முறை கடினமானதன்று. பிழைப் பதிவை முதல் வரியோடு நிறுத்தாது, 'இதனால் விளைந்தது' எனச் சங்கிலியாகத் தொடரும் இறுதிக் காரணம் வரை வாசித்தல். தரவுத்தளத்துக்கு உண்மையிற் சென்ற எஸ்.கியூ.எல். கூற்றினைக் கண்ணாற் காணுதல். வகுப்பு எந்தக் கோப்பிலிருந்து ஏற்றப்பட்டது என்று சேவையகத்தையே கேட்டல். ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்றுதல். மாற்றுமுன் விளைவு யாதாகும் என்று கூறத் துணிதல். இறுதியிற் கூறியதே விஞ்ஞானத்தை மந்திரத்தினின்றும் பிரிக்கும் எல்லைக்கோடு. விளைவை முன்கூறி, அது பிழைத்தால் தம் கருதுகோளைக் கைவிடுபவரே ஆராய்ச்சியாளர்.

ஆகவே எமது கோரிக்கை தெளிவானது. சட்டகங்களின் குறியீடுகளை மனனஞ் செய்வித்து, அதனையே கணினிக் கல்வியென வழங்குவதைக் கைவிட வேண்டும். மாணவர் முதலில் தம் கையால் வினவல் எழுதுக, ஜே.டி.பி.சி. வழியாகப் பரிவர்த்தனையொன்றைத் திறந்து, அதனைத் தாமே பின்வாங்கிப் பார்க்குக. சிறியதொரு வகுப்பேற்றியை ஆக்கி, ஒரே வகுப்பை இருமுறை ஏற்றி, அவையிரண்டும் வெவ்வேறாதலைக் காண்க. அதன்பின் ஹைபர்னேட்டும் ஸ்பிரிங்கும் அவர்களுக்குக் கருவிகளாகும். பரீட்சையிலும், இயங்கும் செய்நிரலை எழுதுமாறு கேட்பதோடு அமையாது, பழுதுற்ற செய்நிரலொன்றைத் தந்து அதன் காரணத்தை நிறுவுமாறு கேட்க வேண்டும். விரிவுரையாளர்கள் இதற்கு நேரமில்லை என்பாராயின், அந்நேரத்தின் விலையைப் பிறர் கொடுக்கின்றனர் என்பதை அவர்கள் நினைத்தல் வேண்டும். தம் கணக்கிற் பணம் குறைந்ததேன் என அறியாது வங்கியின் வரிசையில் நிற்பவரே அவ்விலையைக் கொடுப்பவர்.