மோகினிக்கு ஜாதி இல்லை!

"தேவகன்னிகைகளின் உலகம் ரொம்ப ஆபத்தானது, அண்ணே" என்றார், சத்துவாச்சாரியிலிருந்து ஷூ கம்பெனிக்குப் போய்வரும் ஒரு வாலிபர். கையில் காதல் நாவல்.

தோழர்களே! இது புதுச் சரக்கல்ல. 1957-இல் வந்த 'மணாளனே மங்கையின் பாக்கியம்' படத்தில் அஞ்சலிதேவி தேவலோகத்துப் பெண். பூலோகத்தானைக் காதலித்துச் சாபத்துக்கு ஆளானாள். 1978-இல் விட்டலாச்சாரியார் 'ஜகன்மோகினி'யில் பேயையே காதலிக்க வைத்தார். ஜனங்கள் அழுதார்கள், கை தட்டினார்கள். (நானுந்தான், பள்ளிக்கூடத்தைவிட எனக்குக் கொட்டகையில் கிடைத்த தமிழே அதிகம்.) "அவள் என்ன ஜாதி, எந்தத் தெரு?" என்று எவனாவது கேட்டானா?

அதே மனிதன், தன் மகள் அடுத்த தெருப் பையனோடு பேசினாள் என்றால் அரிவாளைத் தேடுகிறான். 2016 மார்ச் 13-இல் உடுமலைப்பேட்டை பஸ் நிலையத்தருகே, பட்டப்பகலில், ஜாதி மாறி மணந்த ஒரு மாணவனை வெட்டிக் கொன்றார்களே, அது எந்த மோகினியின் வேலை? கூலிக்கு வந்தவர்கள் மனிதர்கள். ஓடிவந்த வண்டி மோட்டார் சைக்கிள். எது ஐயா ஆபத்தான உலகம்?

புரோகிதனும் மந்திரமும் இல்லாமல், மாலை மாற்றிக் கொண்டாலே கலியாணம் செல்லும் என்று அண்ணாதுரை ஆட்சி 1967-இல் சட்டம் செய்த சங்கதியை அவரிடம் சொன்னேன்.

வாலிபர் புத்தகத்தை மூடினார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் கேட்டார்:

"அண்ணே, அதைப் பதிவு செய்ய என்னென்ன காகிதம் வேண்டும்?"